பெருக்கல் டீச்சரின் பதினாறாம் வாய்ப்பாடு

தரையைச் சுத்தம் செய்யத் தமிழில் இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. ஒன்று பெருக்குவது, இன்னொன்று கூட்டுவது. கணக்குப் புத்தகத்தில் இரண்டுமே ஒன்றை அதிகமாக்கும் சொற்கள். குறைக்கும் சொல் ஒன்றைக்கூட நம் முன்னோர் அந்த வேலைக்கு அமர்த்தவில்லை. தெரிந்து செய்தார்களா, அசட்டையா என்று இப்போது கேட்க வழியில்லை. பெருக்கல் டீச்சருக்கும் ஐம்பத்து மூன்று வயதுவரை இது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும், அவருடைய பிழைப்பு முழுக்க அந்த ஒரு சொல்லின் இரண்டு அர்த்தங்களில்தான் நடந்துகொண்டிருந்தது.

அவர் கணக்கு டியூஷன் எடுப்பவர். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பத்தொரு பிள்ளைகள். வாய்ப்பாடு தெரியாத பிள்ளையை அவர் அடுத்த பாடத்துக்கு விடமாட்டார். தன் வகுப்பறையை வேறு யாரையும் பெருக்கவும் விடமாட்டார். காலை ஏழு மணிக்கு ஒருமுறை, சாயங்காலம் பிள்ளைகள் வருவதற்குச் சற்று முன் ஒருமுறை, எல்லோரும் போனபின் ஒருமுறை. நடுவில் ஒரு வேலைக்கார அம்மாளை வைத்துப் பார்த்தார், இரண்டே நாள். “அவங்க பெருக்கின இடத்துல கோடு தெரியுது” என்று அனுப்பிவிட்டார். இந்த இரண்டு பழக்கத்தையும் சேர்த்துத்தான் பிள்ளைகள் அவருக்குப் பெருக்கல் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவருக்குத் தெரியும், பெயர்ப்பலகையிலேயே எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தார். கணவர்தான் தடுத்தார்.

டீச்சரிடம் ஒரு வித்தை இருந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் நாளே அதைக் காட்டிவிடுவார். நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்து, ‘ஒரு பதினாறு பதினாறு, இரு பதினாறு முப்பத்திரண்டு’ என்று தொடங்கி, ‘பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு’ வரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். முடித்த பிறகும் “உட்காரு” என்று சொல்ல மூச்சு மிச்சம் இருக்கும். பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுவார்கள். தாங்களும் சொல்லிப் பார்ப்பார்கள், யாராலும் பத்தைத் தாண்ட முடிந்ததில்லை. டீச்சரின் பட்டப்படிப்பை எந்தப் பெற்றோரும் விசாரித்தது கிடையாது. அந்தப் பதினாறே போதுமானதாக இருந்தது.

வகுப்பு நடந்த இடம் அவருடைய தம்பியின் பழைய பட்டறை. தம்பிக்குக் கல் வெட்டும் தொழில். சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் கிரானைட் பலகைகளை அளவாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பளபளப்பாக்கிக் கொடுப்பது. பதினெட்டு வருடம் அந்தக் கொட்டகையில் வெட்டினான். பிறகு ஆர்டர் பெருத்து, ஊருக்கு வெளியே பெரிய இடம் பார்த்துப் போனான். காலியான கொட்டகையை, “அக்கா, நீ வீட்டு ஹால்ல பசங்களை அடுக்கி வச்சிருக்கியே, அது வகுப்பா, அலமாரியா? இதை எடுத்துக்கோ” என்று தந்துவிட்டான். சும்மா தரவில்லை, மனசோடு தந்தான். தரையை மூன்று நாள் பைப் வைத்துக் கழுவினான். சுவருக்கு இளநீலம் அடித்தான். கூரையின் இரும்புச் சட்டங்களும் தகரமும் பார்க்க நன்றாக இல்லை என்று கீழே வெள்ளைவெளேரென்று ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடினான். அதில் நான்கு ஃபேன். திறந்துவிட்ட அன்றைக்கு, அது ஒரு காலத்தில் பட்டறை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அதுதான் பிற்பாடு சிக்கலானது. எல்லோரும் மறந்துபோனார்கள்.

முதல் வருடம் ஒன்றுமில்லை. இரண்டாவது வருடத்தின் நடுவில் டீச்சருக்கு ஒரு வறட்டு இருமல் வந்தது. வந்த விருந்தாளி போகாமல் அறையில் பெட்டியை வைத்துவிட்ட மாதிரி அது தங்கிவிட்டது. ஒரு புதுப் பெண்ணுக்கு வித்தை காட்டும்போது ‘பதின்மூன்று பதினாறு இருநூற்று எட்டு’ என்ற இடத்தில் குரல் கட்டையாகி நின்றது. டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிச்சத்தை இரண்டாவது மூச்சில் சொல்லி முடித்தார். பின்வரிசையில் ஒரு குரல்:

“பதிமூணு.”

அடுத்த மாதம் பதினொன்று. பிள்ளைகள் அதை வெப்பநிலை மாதிரிக் கவனிக்கத் தொடங்கினார்கள். சைக்கிளை நிறுத்தும்போதே, “டீச்சருக்கு இன்னைக்கு எவ்வளவுடா?” “பத்தரை.” “அரை எப்படிடா வரும்?” “நூத்தி எழுபத்து... வரைக்கும் வந்துச்சு, ஆறு வரல.”

பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனார். டாக்டர் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, “என்ன வேலை பாக்குறீங்க?” என்றார். “டீச்சர்.” டாக்டரின் முகம் தெளிந்தது. விடை தெரிந்த கேள்வி வந்த மாணவனின் முகம். “சாக்பீஸ்” என்றார்.

நியாயமான விடைதான். வெள்ளைத் தூசி, டீச்சர், இருமல். மூன்றையும் சேர்த்தால் வேறு என்ன வரும்? டீச்சரும் ஒத்துக்கொண்டார். அந்த வாரமே கரும்பலகையைக் கழற்றிவிட்டு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வாங்கினார். மீதமிருந்த சாக்பீஸ் பெட்டிகளைத் தெருவில் பாண்டி விளையாடும் சிறுமிகளிடம் கொடுத்தார். தூசியால்தான் இருமல் என்று தெரிந்த பிறகு சும்மா இருப்பாரா? பெருக்குவதை நாளைக்கு நான்கு முறையாக்கினார்.

ஒன்பதுக்கு இறங்கியது. நூற்று நாற்பத்து நான்கு.

டீச்சரின் கணவர் கண்ணாடிக் கடைக்காரர். மூக்குக் கண்ணாடி. முப்பது வருடமாக லென்ஸ் தேய்ப்பவர், அதிகம் பேசாதவர்; பேசும் நேரத்திலும் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தே பேசுவார். மனைவியைக் கல்யாணமான நாளிலிருந்து ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டு வந்தார். கேலியாகத் தொடங்கியது, பழக்கமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், டீச்சர் கடையில் வந்து உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“மாத்துங்க. மறுபடியும் மங்கலா தெரியுது.”

கண்ணாடிக்காரர் அதை விளக்குக்கு நேரே பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து இன்னும் இரண்டு ஜோடி லென்ஸை எடுத்து வரிசையாக வைத்தார். எல்லாம் டீச்சருடையவை.

“இந்த வருஷத்துல இது மூணாவது, டீச்சர்.”

“அதுக்கு? கடைக்காரரைக் கட்டிக்கிட்டதுக்கு இதுகூட இல்லைன்னா எப்படி?”

“அதில்ல. உனக்கு நான் பிளாஸ்டிக் போடல. கண்ணாடி லென்ஸ். கீறல் விழாதுன்னு நான்தானே சொன்னேன்?”

“ஆமா, சொன்னீங்க. பொய் சொல்லியிருக்கீங்க.”

“முப்பது வருஷத்துல உன்கிட்ட சொன்ன ஒரே உண்மை அது” என்றார் அவர். “இங்க பாரு. சன்னமா, வலை மாதிரி. நகத்தால வராது, துணியால வராது. எதுல தொடைக்கிற?”

“புடவை முந்தானையில.”

“காஞ்ச துணியா?”

“பின்ன, புடவையை நனைச்சிட்டா உக்காருவேன்?”

கண்ணாடிக்காரர் நெற்றியில் கை வைத்தார். காய்ந்த துணியால் லென்ஸைத் துடைப்பது அவருடைய சாஸ்திரத்தில் பெரிய பாவம். முதலில் தண்ணீர் விட்டுத் தூசியை இறக்கு, பிறகு துடை என்று கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவார். தன் வீட்டில் மட்டும் சொன்னதில்லை. வீட்டில் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியதே கிடையாது.

“சரி, முந்தானைதான். ஆனா முந்தானையில என்ன இருக்கு? கண்ணாடியைக் கீறணும்னா கண்ணாடியைவிடக் கெட்டியா ஏதாவது இருக்கணுமே.”

“சாக்பீஸ் தூசியா இருக்கும்.”

“சாக்பீஸை நிறுத்தி அஞ்சு மாசமாச்சு.”

உண்மையில் டீச்சரை ஒரு விஷயம் கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. சாக்பீஸை நிறுத்திய பிறகும் தினம் காலையில் பெஞ்சுகளின் மேல் வெள்ளையாக ஒரு படலம் இருந்தது. விரலால் பெயர் எழுதலாம்; பிள்ளைகள் எழுதியும் இருந்தார்கள். தெருப்புழுதி என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தார். ஆனால் அந்தத் தெருவின் புழுதி செம்மண் நிறம்.

“சுழியத்தை எதால பெருக்குனாலும் சுழியம்தான்” என்றார் மெதுவாக.

“என்ன?”

“சாக்பீஸ் சுழியம். அப்போ தூசியும் சுழியமா இருக்கணும். இல்லையே.”

கண்ணாடிக்காரர் எழுந்து, பாண்டி விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம் ஒரு துண்டு சாக்பீஸ் கடன் வாங்கி வந்தார். பழைய கண்ணாடி லென்ஸ் ஒன்றை எடுத்து, சாக்பீஸைப் பொடித்துப் போட்டு, காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தார். தேய்க்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டார். பாவத்தை ஆராய்ச்சிக்காகச் செய்தாலும் பாவம் பாவம்தானே. கழுவிப் பார்த்தார். ஒரு கோடு இல்லை. பிறகு டீச்சர் வகுப்பிலிருந்து எடுத்துவந்த பையின் அடியைத் தட்டினார். ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் விழுந்தது. அதே லென்ஸின் மறுபாதியில் அதைப் போட்டுத் தேய்த்தார். கழுவினார். விளக்குக்கு நேரே பிடித்தார். டீச்சரிடம் நீட்டினார்.

பாதி லென்ஸ் தெளிவாக இருந்தது. பாதியில் பனி விழுந்திருந்தது.

“சாக்பீஸ் கண்ணாடியைக் கீறாது” என்றார். “கல்லு கீறும்.”

பிறகு டீச்சர் தம்பிக்கு போன் செய்தார்.

தம்பி வரும்போதே தற்காப்பு வாதத்தோடு வந்தான். அவனுக்கு அக்காவின் குரல் ஏற்றத்தைக் கேட்டே விஷயத்தின் எடை தெரியும். “அக்கா, மூணு நாள் கழுவினேன். தண்ணி டேங்க் காலி. இனிமே அங்க கல்லுத் தூசி இருந்தா, அது வானத்துலேர்ந்து விழுந்திருக்கணும்.”

“வானத்தைத்தான் பாக்கப்போறோம். ஏணியைப் பிடி” என்றார் கண்ணாடிக்காரர்.

வகுப்பில் யாரும் இல்லை. கண்ணாடிக்காரர் வாயிலும் மூக்கிலும் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறினார். ஃபேனுக்குப் பக்கத்தில் இருந்த சீலிங் பலகை ஒன்றை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னங்க இருக்கு?”

அவர் கையை உள்ளே விட்டு வெளியே எடுத்தார். மணிக்கட்டு வரை மாவில் தோய்ந்த மாதிரி இருந்தது. “மாப்ள, மேல யாரு கழுவினது?”

தம்பி தலையைச் சொறிந்தான். “மேல... அதான் மூடிட்டோமே அத்தான். மூடுனதை யாரு பாக்கப்போறா?”

கீழே கழுவி, நடுவே வெள்ளைப் பலகை போட்டு, மேலே பதினெட்டு வருடத்துப் பட்டறையை அப்படியே விட்டு வைத்திருந்தான். ஒவ்வொரு சட்டத்தின் முதுகிலும் விரற்கடை உயரத்துக்குத் தூள். நான்கு ஃபேன்களும் சுற்றும்போது பலகைகள் மெல்ல அதிரும். விளிம்பு இடைவெளிகள் வழியே அது இறங்கிக்கொண்டே இருக்கும்.

கண்ணாடிக்காரர் பலகையை மெல்லக் கீழே விடப் பார்த்தார். முழுக்க முடியவில்லை, ஒரு கைப்பிடித் தூள் சரிந்து, நடுத்தரையில் வந்து விழுந்தது.

டீச்சருக்கு அது போதும். கண்ணெதிரே, தன் தரையில், குப்பை. கை தானாகவே மூலைக்குப் போனது. துடைப்பத்தை எடுத்து ஓங்கி ஒரு இழு இழுத்தார்.

“பெருக்காத!”

ஏணியின் உச்சியிலிருந்து வந்த சத்தத்தில் தம்பி ஏணியைவிட்டே கையை எடுத்துவிட்டான். கண்ணாடிக்காரர் கத்தி யாரும் கேட்டதில்லை. டீச்சர் துடைப்பத்தோடு அப்படியே நின்றார்.

“என்னை எப்படி நீங்க...”

“பெருக்காத, டீச்சர். அங்க பாரு.”

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக வந்துகொண்டிருந்தது. துடைப்பம் பட்ட இடத்திலிருந்து தூசி எழுந்து அந்த வெளிச்சத்தில் புரண்டது. தரையில் ஒரு கைப்பிடியாகக் கிடந்தது இப்போது அறை முழுக்க இருந்தது. டீச்சரின் இடுப்பு உயரம், தோள் உயரம், பிறகு தலைக்கு மேல். அது அவசரப்படவில்லை. கீழே இறங்குகிற உத்தேசமும் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

“நாளைக்கு நாலு தடவை இதைத்தான் செஞ்சியா?”

டீச்சரின் முகத்தில் முதலில் கோபம் வந்தது, பிறகு கணக்குப் போடும்போது வரும் ஒரு சுருக்கம் வந்தது, கடைசியில் சிரிப்பு. “பெருக்குனா பெருகத்தானே செய்யும்!” என்றார். “இத்தனை வருஷம் பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். எனக்கு நானே சொல்லிக்கலையே!” சிரிப்பு இருமலானது, மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள்.

அந்த வாரம் பெரிய மருத்துவமனையில் நுரையீரல் டாக்டரைப் பார்த்தார்கள். தம்பியையும் துணைக்கு என்று சொல்லிக் கூட்டிப்போனார் டீச்சர். டாக்டர் சின்னப் பெண், கையெழுத்து மட்டும் பழுத்த டாக்டருடையது. அவர் டீச்சருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு குழாயில் ஊதச் சொன்னார். காகிதத்தில் ஒரு வளைகோடு வந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் நான் வாயாலேயே சொல்லியிருப்பேன். ஒன்பது” என்றார்.

“எது ஒன்பது?”

பதினாறாம் வாய்ப்பாட்டின் கதையைச் சொன்னதும் டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். “எந்த மாசம் எத்தனை? ஞாபகம் இருக்கா?” டீச்சருக்கு ஞாபகம் இல்லை, பிள்ளைகள் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அதை போனில் கேட்டு டாக்டர் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்:

“பெருக்கி முடிச்ச எவ்வளவு நேரத்துல கிளாஸ் ஆரம்பிப்பீங்க?”

“உடனே. சுத்தமா இருக்கும்போதே ஆரம்பிச்சிடணும்ல?”

டாக்டர் ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார். “கண்ணுக்குத் தெரியற தூசி மூக்குலயே நின்னுடும், மேடம். தெரியாததுதான் உள்ள போகும். ஒருதடவை கிளப்பிவிட்டா அது மணிக்கணக்கா காத்துலயே நிக்கும். நீங்க தரையைச் சுத்தம் பண்ணிட்டு, தரையில இருந்ததை நடுவுல நின்னு மூச்சா இழுத்து வாய்ப்பாடு சொல்லியிருக்கீங்க. உங்க வேலை என்னன்னு எல்லாரும் கேட்டிருக்காங்க. அந்த ரூம் முன்னால என்ன வேலை பாத்துச்சுன்னு யாரும் கேக்கல.”

“சரியாயிடுமா?” கேட்டது கண்ணாடிக்காரர்.

“கல்லுத் தூசி ஆழமா போய்த் தங்கிட்டா உடம்பால அதைக் கரைக்க முடியாது. சுத்தித் தழும்பு விழும், அது போகாது. இவங்க படத்துல தழும்பு இல்ல. மூச்சுக்குழாய்தான் வீங்கி எரிச்சலா இருக்கு. இது இறங்கும். பழைய அளவுக்கு முழுசா வருமான்னு இப்ப சொல்ல மாட்டேன். பசங்கள்ல யாருக்காவது இருமல் இருந்தா அவங்களையும் காட்டச் சொல்லுங்க.” பேசிக்கொண்டே டாக்டரின் பார்வை மூலைக்குப் போனது. “இவர் யாரு? மாடி ஏறும்போது நாலு தடவை நின்னாரே?”

“நான் துணைக்கு வந்தவன்” என்றான் தம்பி.

“ஊதுங்க.”

அவன் ஊதினான். வளைகோடு அக்காவுடையதைவிடச் சீக்கிரம் தரையைத் தொட்டது. மறுநாள் படம் எடுத்ததில் மேல்பக்கத்தில் இரண்டு பக்கமும் சிறுசிறு நிழல்கள். ஆரம்பம்தான் என்றார் டாக்டர். ஆனால் அழியாது, இதோடு நிறுத்திக்கொள்ளப் பார்க்கலாம். இனி தண்ணீர் விட்டுத்தான் கல் வெட்ட வேண்டும், முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் மாஸ்க் இல்லாமல் பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது.

“தண்ணி விட்டா ஒரே சேறாகும் அக்கா. பட்டறை பாக்கவே அசிங்கமா இருக்கும்” என்று வழியெல்லாம் புலம்பினான்.

“இருக்கட்டும். சேறு மூக்குக்குள்ள பறந்து வராது.”

“அப்புறம், இதை வெளிய சொல்லிட்டிருக்காத. பசங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. உன் பேரும் போகும், என் பேரும் போகும். ரெண்டு வாரம் பெயின்ட் வேலைன்னு சொல்லிக்கலாம்.”

டீச்சர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். “டேய், விடை தப்புன்னா அடிச்சிட்டுப் புதுசா எழுதணும். மேல வெள்ளைப் பலகை போட்டு மூடக் கூடாது. நீ ஒரு தடவை மூடினது போதும்.”

அன்றைக்கே முப்பத்தொரு வீட்டுக்கும் அவரே போன் செய்தார். என்ன நடந்தது, எங்கே இருந்தது, தான் துடைப்பத்தால் என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொன்னார். மூன்று வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் போனை வைத்துவிட்டார்கள். சிலர் ஒன்றும் பேசவில்லை. அதுதான் டீச்சருக்கு அதிகம் வலித்தது. இருமல் இருந்த ஆறு பிள்ளைகளையும் டாக்டரிடம் காட்டினார்கள். ஆறு பேருக்கும் நுரையீரலில் ஒன்றுமில்லை, அதில் இருவருக்கு வெறும் சளி. அதுவரை டீச்சர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அன்றைக்கு இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார்.

வகுப்பு கண்ணாடிக் கடையின் பின்னறைக்கு மாறியது. பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து பிள்ளைகள் பின்னம் போட்டார்கள். கொட்டகையில் சுத்தம் செய்யும் ஆட்கள் வந்தார்கள். முழு உடுப்பு, முகமூடி, மிக நுண்ணிய வடிகட்டி வைத்த உறிஞ்சும் இயந்திரம். பலகைகளை நனைத்து, பையில் கட்டி, கதவுக்கு வெளியே கொண்டுபோனார்கள். சட்டங்களை உறிஞ்சி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி உறிஞ்சி, மறுபடி துடைத்தார்கள். தம்பி வாசலில் மாஸ்க் போட்டுக்கொண்டு நின்று மேற்பார்வை பார்த்தான். ‘இவ்வளவு எதுக்கு’ என்று ஒருதடவைகூடச் சொல்லவில்லை. பைகளை எண்ணிக்கொண்டிருந்தான், இருபதைத் தாண்டியபோது எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

ஃபால்ஸ் சீலிங் திரும்பப் போடவில்லை. டீச்சரின் உத்தரவு. “தகரம் அசிங்கமா தெரியட்டும். தெரிஞ்சாதான் துடைப்போம்.” இப்போது வகுப்பில் அண்ணாந்து பார்த்தால் இரும்புச் சட்டங்கள் தெரியும். ஜன்னல்கள் இரண்டு அதிகம். துடைப்பம் இருந்த மூலையில் வாளியும் ஈர மாப்பும் நிற்கின்றன.

இந்த மாற்றத்துக்கும் டீச்சர் மொழியையே சாட்சிக்கு அழைத்தார். வகுப்பு திரும்பத் தொடங்கிய அன்று, பலகையில் ‘துடைப்பம்’ என்று பெரிதாக எழுதினார். “இதுல முதல் மூணு எழுத்து என்ன?”

“து-டை-ப்.”

“புள்ளி வச்சதை விடு. என்ன சொல்லுது?”

“துடை!”

“ஆமா. துடைன்னு பேரு வச்சுக் குடுத்திருக்காங்க. நாமதான் அதை வச்சுப் பெருக்கிக்கிட்டிருந்தோம். இனிமே உங்க பெஞ்சை நீங்களே, ஈரத்துணியால. காஞ்ச துணியோட எவனையாவது பாத்தேன், பதினாறாம் வாய்ப்பாடு தலைகீழா.”

திரும்ப வந்தவர்கள் இருபத்தேழு பேர். பிற்பாடு இரண்டு பேர் கூடினார்கள். டீச்சர் யாரையும் கூப்பிடப் போகவில்லை.

எட்டு மாதம் வித்தை காட்டவில்லை. டாக்டர் கொடுத்த மருந்தை மூச்சோடு இழுத்தார், காலையில் நடந்தார், நடுவில் யாராவது கேட்டால் “விடுமுறை” என்றார். கண்ணாடிக்காரர் மட்டும் சில சாயங்காலங்களில், கடையைச் சாத்திவிட்டு வகுப்புக்கு வரும்போது, உள்ளே தனியாக முணுமுணுப்பு கேட்டு வாசலிலேயே நின்றுவிடுவார். விரல் மடக்குவார். வீட்டுக்கு வந்து எதுவும் கேட்கமாட்டார். ஒரு நாள் மட்டும், லென்ஸ் ஒன்றைக் கழுவிக்கொண்டே, “பன்னெண்டா?” என்றார். “ஒட்டுக் கேக்குறீங்களா?” என்றார் டீச்சர். பன்னிரண்டை மறுக்கவில்லை.

ஒன்பதாவது மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். ஐந்தாம் வகுப்பு. யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், உட்காரும் முன்பே, “நீங்க ஒரே மூச்சுல சொல்வீங்களாமே?” என்றாள்.

பின்வரிசையில் யாரோ நோட்டைத் திறக்கும் சத்தம்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒன்பது மாதமாக மாற்றாத லென்ஸ். ஒரு கோடு இல்லை. நிமிர்ந்து நின்றார். மூச்சை இழுத்தார்.

“ஒரு பதினாறு பதினாறு, இரு பதினாறு முப்பத்திரண்டு...”

ஒன்பது சாதாரணமாகப் போனது. பதினொன்றில் தோள் லேசாக ஏறியது. பதின்மூன்றில் குரல் மெலிந்தது, உடையவில்லை. பதினான்கு, இருநூற்று இருபத்து நான்கு. பதினைந்து, இருநூற்று நாற்பது. அங்கே நின்றது. டீச்சர் சாவகாசமாக மூச்சு வாங்கிக்கொண்டு, “பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு” என்று இரண்டாவது மூச்சில் முடித்தார்.

“பதினஞ்சு” என்றது பின்வரிசை. நோட்டில் பேனா ஓடியது.

“பதினஞ்சு. மீதி ஒண்ணு” என்றார் டீச்சர். “எழுதிக்கோ.”

புதிய பெண்ணுக்கு இது பிடிக்கவில்லை. கணக்கு தெரிந்த பிள்ளை. “டீச்சர், வகுத்தாதானே மீதி வரும்? பெருக்குனா மீதி வராதே!”

வகுப்பு மொத்தமும் டீச்சரைப் பார்த்தது. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அண்ணாந்து ஒருமுறை இரும்புச் சட்டங்களைப் பார்த்தார்.

“வரும்” என்றார். “பெருக்குனாலும் மீதி வரும். போ, அந்த வாளியில துணி இருக்கு. நல்லா பிழிஞ்சு, உன் பெஞ்சைத் துடைச்சிட்டு வந்து உட்காரு. ஏன்னு சொல்றேன்.”